முறுக்கு கொடுக்கப் போன நாளுக்கும் பில்

அந்த பில் வந்தபோது நான் பாலர் பள்ளியில் பிள்ளைகளைக் கை கழுவுவதற்கு வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் கைப்பேசியைப் பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை. அன்று திரையில் வழக்கறிஞர் அலுவலகத்தின் பெயர் தெரிந்ததால் பார்த்தேன். அந்தப் பெயரைக் கண்டால் உடனே திறந்து பார்க்கும் பழக்கம் ஒரு வருடமாக ஒட்டிக்கொண்டிருந்தது. விவாகரத்துதான் முடிந்துவிட்டதே, இனி என்ன இருக்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திறந்தேன்.

ஒரே ஒரு பக்கம். வழங்கிய சட்டச் சேவைகளுக்காக என்று ஒரு வரி. அதன் கீழே ஒரு தொகை. நான் ஏற்கெனவே இரண்டு தவணையாகக் கொடுத்திருந்த பணத்தைக் கழித்துவிட்டு மீதி இவ்வளவு என்று போட்டிருந்தார்கள். அந்த மீதியைப் படித்ததும் முதலில் எனக்கு வந்த எண்ணம், வேறு யாருக்கோ போகவேண்டியதை மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்பது. இரண்டாவது எண்ணம், இல்லை, நான்தான் எதையோ சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது. எனக்கு எப்போதும் இந்த இரண்டாவது எண்ணம்தான் நிலைக்கும்.

அந்தத் தொகையைக் கட்டினால் வீடு போய்விடும். சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான். சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் நானும் என் மகளும் இருப்பது ஒரு மூவறை வீடு. என் முன்னாள் கணவருடைய பங்கை, குறித்த காலத்துக்குள் நான் கொடுத்துவிட்டால் வீடு என் பெயருக்கு மாறும். கொடுக்க முடியாவிட்டால் விற்றுப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. சேமநிதியில் இருந்தது, என் சேமிப்பு, நகையில் பாதி, அம்மா கொடுத்தது எல்லாவற்றையும் சேர்த்து அந்தப் பங்கை ஒருவழியாகத் தேற்றியிருந்தேன். அதில் கைவைத்தால் மறுபடியும் தேற்ற, மீதிப் பாதி நகையைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை.

நாங்கள் ஏன் பிரிந்தோம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவரைப் பற்றி எழுத அவரிடம் நான் அனுமதி கேட்கவும் இல்லை.

வழக்கறிஞரைப் பற்றி எழுத அனுமதி கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், அது போதும். என் அம்மாவுக்கு அவர் கோயிலில் பழக்கம். அம்மா ஃபேரர் பார்க் வட்டாரத்தில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். அங்கே அன்னதான வரிசையில் இவரும் நின்று பரிமாறுவார். அறுபதைத் தாண்டிய மனிதர். நல்ல குரல். எல்லாரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். நான் சின்ன வயதிலிருந்து அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறேன். வேறு லாயரைப் பார்க்கலாமா என்று நான் தயங்கியபோது அம்மா சொன்ன காரணம், நம் விஷயம் நம் ஆளிடமே இருக்கட்டும் என்பது.

அவருடைய அலுவலகம் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கு மேல்மாடியில். முதல் நாள் அம்மாவும் கூட வந்தார். நான் பேச வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்; கடைசி வரி கட்டணம் எவ்வளவு என்பது. மற்ற எல்லாவற்றையும் கேட்டேன். கடைசி வரிக்கு வந்தபோது அம்மாவைப் பார்த்தேன். அம்மா எனக்காகக் கேட்டார், அதுவும் மன்னிப்புக் கேட்கிற குரலில்.

“என்னக்கா நீங்க,” என்றார் அவர். “பிள்ளை நல்லபடியா வெளிய வரட்டும். அதெல்லாம் பாத்துக்கலாம்.”

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அந்தக் கலக்கத்தோடு அவர் நீட்டிய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பல பக்கம் இருந்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் நமக்காக உருகிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு பக்கமாகப் படித்தால் அது அவரைச் சந்தேகப்படுவதாகாதா? நான் படிக்கத் தெரியாதவள் இல்லை. பட்டம் வாங்கியவள். வீட்டுக்குச் சோப்பு வாங்கினால்கூடப் பின்பக்கம் திருப்பிப் படிப்பவள். ஆனால் பெரியவர்கள் முன்னால் எப்படி உட்காரவேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்ததில் இப்படிப் படிப்பது சேரவில்லை.

பாத்துக்கலாம் என்ற சொல்லில் ஒரு தொகை ஒளிந்திருக்கிறது என்பது நம் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இரண்டு பேரும் மனதில் வேறு வேறு தொகையை வைத்துக்கொண்டு சிரித்தபடி தேநீர் குடிக்கிறோம்.

ஒரு பக்க பில்லுக்கு விவரம் வேண்டும் என்று கேட்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்தச் செய்தியை எழுதி, அழித்து, மறுபடியும் எழுதி, சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று தொடக்கத்திலும் முடிவிலும் போட்டு அனுப்பினேன். விவரம் வந்தது. அன்று வேலை முடிந்து, அம்மா வீட்டில் விட்டிருந்த மகளைக் கூட்டிக்கொண்டு ஃபேரர் பார்க்கில் ரயில் ஏறினேன். மகள் மடியில் சாய்ந்து தூங்கினாள். ஈசூன் வரைக்கும் நின்றுகொண்டு வரும் கூட்டம். எனக்கு மட்டும் அதிர்ஷ்டமாக ஓர் இடம். அங்கே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

வழக்கறிஞர்கள் நேரத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டி விற்கிறார்கள். ஒரு துண்டு ஆறு நிமிடம். ஒரு நிமிடம் வேலை செய்தாலும் ஒரு துண்டு ஒரு துண்டுதான். இது ஒப்பந்தத்தில் நான் படிக்காத பக்கத்தில் இருந்தது. அதில் தப்பில்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அன்று கைப்பேசியில் பில்லையும் என் பழைய செய்திகளையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தபோது, நான் என்ன செய்திருக்கிறேன் என்பது புரிந்தது.

நான் ஒரு விஷயத்தை ஒரு செய்தியாக அனுப்புகிறவள் இல்லை. முதலில் வணக்கம் அங்கிள், தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று ஒன்று. அடுத்து விஷயம். அடுத்து, சாரி அங்கிள், தப்பான கோப்பை இணைத்துவிட்டேன். அடுத்து, இதுதான் சரியான கோப்பு. அடுத்து, மிக்க நன்றி அங்கிள். அதற்கும் கீழே கைகூப்பும் படம் ஒன்று. அவர் பக்கத்திலிருந்து சரி என்று ஒற்றை வார்த்தை வந்தால், அதற்கும் ஒரு நன்றி.

பில்லில் அது எல்லாம் இருந்தது. கட்சிக்காரரின் செய்தியைப் படித்தது, ஒரு துண்டு. கட்சிக்காரரின் செய்தியைப் படித்தது, ஒரு துண்டு. கைகூப்பும் படத்தைப் படிப்பதற்கும் ஆறு நிமிடம் ஆகியிருந்தது. பக்கம் பக்கமாக என் மரியாதை, தேதிவாரியாக.

எனக்கு வேலையே அதுதான் என்பதையும் சொல்லவேண்டும். நான் பாலர் பள்ளித் தமிழாசிரியை. நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லவும் நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் கற்றுக்கொடுக்கிறேன். அதற்காகத்தான் எனக்குச் சம்பளம். அந்தச் சம்பளத்தைத்தான் இப்போது நன்றி சொன்னதற்காகக் கேட்கிறார்கள்.

பிறகு அந்த வரி வந்தது. கட்சிக்காரர் அலுவலகத்துக்கு நேரில் வந்தார். வழக்கு நிலவரம் பற்றிக் கலந்துரையாடல். பல துண்டுகள். தேதியைப் பார்த்ததும் எனக்குப் புரியவில்லை. அந்த மாதம் நான் அவரைப் பார்க்கப் போகவே இல்லையே என்று நினைத்தேன். கைப்பேசியில் படங்களைப் புரட்டினேன். தீபாவளி வாரம். புதுப் பாவாடையில் என் மகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு பாத்திரக்கடை வாசலில் நிற்கிறாள். டப்பாவில் அம்மா சுட்ட முறுக்கு.

அன்று மேலே போய் டப்பாவைக் கொடுத்தோம். அவர் உட்காரச் சொன்னார். மகளுக்குப் பானம் வரவழைத்துக் கொடுத்தார். ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, இந்த வருஷம் அம்மா உப்பைக் குறைச்சுட்டாங்க போல என்றார். உன் கணவர் தரப்பில் ஏதாவது பிரச்சினை பண்றாங்களா என்று கேட்டார். இல்லை அங்கிள் என்றேன். நல்லது என்றார். மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ரயில் ஈசூனுக்கு வந்தபோது எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தேன். கோபமா என்று கேட்டால், அதுவும் முழுதாக இல்லை. அவர் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார்தானே, நான் ஒரு வார்த்தை பதில் சொன்னேன்தானே, அப்படியென்றால் அது கலந்துரையாடல்தானோ என்று மின்தூக்கியில் ஏறும்போதே யோசித்துக்கொண்டிருந்தேன். என் எதிரிக்காக வாதாட என்னைவிட நல்ல வக்கீல் கிடைக்கமாட்டார்.

அம்மாவிடம் தொகையை மட்டும் சொன்னேன். அம்மா, எப்படியாவது கட்டிவிடலாம் என்றார். அந்த வீட்டை விற்றுவிட்டு நீயும் பிள்ளையும் இங்கே என்னோடு வந்துவிடுங்கள் என்றார். அம்மாவின் வீட்டில் ஒரு படுக்கையறை. அதில் மூன்று பேர். என் மகள் தன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் மீன் படங்களைப் பிய்த்து எடுத்து வரமுடியுமா என்று கேட்பாள், அதற்கு நான் பதில் சொல்லவேண்டும்.

“அவர்கிட்ட கேட்டுப் பாக்கறேன்மா,” என்றேன்.

“என்னன்னு கேப்ப? பெரிய மனுஷன்டி. வெள்ளிக்கிழமை அவர் முகத்துல நான் எப்படி முழிக்கறது?”

“ஏன் முழிக்கக்கூடாது? நாம என்ன திருடிட்டோமா?”

“உங்கப்பா செத்தப்ப வந்து நின்னவர்.”

அது உண்மை. நின்றார். அதனால்தான் முறுக்கு விஷயத்தை அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அம்மாவின் மனதில் அவர் நின்ற இடத்தைக் கலைக்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அன்று அம்மா கடைசியாக, அவர் அநியாயமாக ஒரு காசு வாங்கமாட்டார் என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. பில்லைத் திறந்து அந்த வரியைத் தமிழில் படித்துக் காட்டினேன். அது எந்த நாள் என்றும் சொன்னேன்.

அம்மா கைப்பேசியை வாங்கி, தூரப் பிடித்து, கண்ணாடி போட்டு, அதைத் தானே ஒருமுறை பார்த்தார்.

“என் முறுக்கைத் தின்னுட்டு அதுக்கு நம்மகிட்டயே காசா?”

“உப்புக் கம்மின்னும் சொன்னாரு.”

அம்மாவின் முகம் மாறிய விதத்தை நான் மறக்கமாட்டேன். வீடு போகும் என்றதற்குக்கூட அப்படி மாறவில்லை. “போய்க் கேளு,” என்றார்.

கேட்பதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் என்று எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தில் இலவச சட்ட ஆலோசனை கொடுக்கும் மாலைக்கு முன்பதிவு செய்தேன். அங்கே எனக்குக் கிடைத்தவர் என் வயதுள்ள ஒரு சீன வழக்கறிஞர். தானும் இதே தொழில் என்பதாலோ என்னவோ, ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேசினார். மணிக்கு இவ்வளவு என்று நான் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதை இனி மாற்றுவது கஷ்டம் என்றார். ஆனால் அந்த மணியை எதில் செலவு செய்தார்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. ஒத்துவராவிட்டால் நீதிமன்றமே பில்லை வரிவரியாகப் பார்த்து மதிப்பிடும், அதற்கு விண்ணப்பிக்கலாம். காலம் தாழ்த்தக்கூடாது. முக்கியமாக ஒன்று சொன்னார்: பில் பெரிதாகக் குறையவில்லை என்றால் அந்த விசாரணைக்கான செலவையும் நானே ஏற்கவேண்டி வரலாம். அதாவது வீட்டைக் காப்பாற்றப் போய் இன்னும் வேகமாக வீட்டை இழக்கலாம்.

நான் அவருக்கு நன்றி சொன்னேன். பழக்கதோஷம், மூன்று முறை சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, இங்கே இலவசம்தான், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்றார். பில்லைப் பார்த்திருந்தார் அல்லவா.

பாத்திரக்கடைப் படியில் ஏறியபோது என் கையில் டப்பா எதுவும் இல்லை. வெறுங்கையோடு அந்த அலுவலகத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. கோப்புகளைக் கவனிக்கும் பெண் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அங்கிள் எப்போதும்போல மகளைப் பற்றி, அம்மாவின் முட்டிவலியைப் பற்றி விசாரித்தார். எனக்குக் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றியது. இந்த விசாரிப்பு எந்தத் துண்டில் சேரும் என்று. பிறகு அவரே பேச்சைத் தொடங்கினார். தொகை கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது, புரிகிறது, அலுவலக வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் இருக்கிறது, இருந்தாலும் நம் பிள்ளைக்காகக் கொஞ்சம் தள்ளிவிடுகிறேன் என்றார். ஒரு தாளை நகர்த்தினார். கழித்த தொகையும், ஒப்புக்கொள்கிறேன் என்று என் கையெழுத்துக்கு ஓர் இடமும் இருந்தன. பேனாவும் கூடவே வந்தது.

நான் ஏறக்குறைய வாங்கிவிட்டேன். அதை மறைக்கமாட்டேன். அவர் தள்ளுபடி கொடுத்தது பெருந்தன்மை, நான் சந்தேகப்பட்டது சின்னத்தனம் என்று உள்ளே ஒரு குரல் பேசிக்கொண்டிருந்தது. அந்தத் தள்ளுபடிக்குப் பிறகும் வீட்டுக்கான பணம் போதாது என்பதை அந்தக் குரல் சொல்லவில்லை. அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். தாளைப் படித்தேன். மெதுவாக, அவர் எதிரிலேயே, மேலிருந்து கீழ்வரை. அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

“அங்கிள், ஒரு வரி மட்டும் கேக்கணும். தீபாவளி வாரத்துல நான் வந்தது.”

“ஆமா, வந்தியே.”

“முறுக்கு குடுக்க வந்தேன்.”

“கேஸ் பத்திப் பேசலையாம்மா?”

“பேசினோம் அங்கிள். உப்பைப் பத்தியும் பேசினோம். எது எத்தனை நிமிஷம்?”

அவர் சிரிக்கவில்லை. கணக்கு எழுதுவது ஆபீஸ் பிள்ளைகள், தனக்கு ஒவ்வொரு வரியும் தெரியாது என்றார். தெரியாததற்கு எப்படிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினீர்கள் என்று கேட்க நினைத்தேன்; ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் நானும்தான் என்பதால் விட்டுவிட்டேன். நன்றி சொன்ன செய்திகளையும் படங்களையும் அந்த நாளையும் எடுத்துவிட்டு மறுபடியும் போட்டுத் தாருங்கள், மனு எழுதியது, நீதிமன்றத்துக்கு வந்தது எதையும் நான் கேட்கவில்லை, அதற்கான பணத்தை முழுசாகத் தருகிறேன் என்றேன். மன்னிக்கவும் என்று ஒரு முறைகூடச் சேர்க்காமல் வாக்கியத்தை முடித்தேன்.

“வெளியாள்கிட்ட போயிருந்தா இதைவிட ரெண்டு மடங்கு வாங்கியிருப்பான். நம்ம ஆளுன்னா மட்டும் உங்களுக்கெல்லாம் கேள்வி வரும் லா,” என்றார். பிறகு பேனாவை எடுத்து மூடினார். “ஒத்துக்கலன்னா கோர்ட்ல போய்ப் பாத்துக்க.”

இந்த முறை பாத்துக்கலாம் இல்லை, பாத்துக்க. அதுவும் நான் போகமாட்டேன் என்ற நிச்சயத்தோடு.

“சரி அங்கிள், போறேன். நன்றி,” என்றேன். படி இறங்கினேன். கீழே பாத்திரக்கடைக்காரர் ஒரு இட்லிப் பானையை வெயிலில் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே நின்று மூச்சுவிட்டுக்கொண்டேன்.

விண்ணப்பம் போட்டதையும் காத்திருந்ததையும் விரிவாக எழுதினால் படிப்பவருக்கும் எனக்கு வந்த தலைவலி வரும். படிவங்கள் இருந்தன. திருப்பி அனுப்பப்பட்டன, திருத்தி அனுப்பினேன். இதற்கிடையில் கோயிலில் ஒருவர் அம்மாவிடம், உங்கள் மகள் அவர்மேல் கேஸ் போட்டிருக்கிறாளாமே என்று கேட்டிருக்கிறார். கேஸ் இல்லை, பில்லைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறாள், உணவங்காடியில் மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்கமாட்டீர்களா என்று அம்மா திருப்பிக் கேட்டாராம். அதை என்னிடம் சொன்ன அதே மூச்சில், இப்போதாவது விட்டுவிடலாமா என்றும் கேட்டார். நானும் தினம் ஒருமுறை என்னை அதையே கேட்டுக்கொண்டேன். சிலநாள் காலையில் விட்டுவிடுவேன். மகளைப் பள்ளியில் விட்டுத் திரும்புவதற்குள் மறுபடியும் எடுத்துக்கொள்வேன்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. நான் நினைத்ததுபோல உயர்ந்த மேடை எதுவும் இல்லை. முடிவெடுக்க வேண்டியவர் நீதிமன்றத்தின் பதிவாளர் ஒருவர், கண்ணாடி அணிந்த பெண்மணி. அங்கிள் தன் ஜூனியரை அனுப்பாமல் தானே வந்திருந்தார். அறைக்கு வெளியே என்னைப் பார்த்ததும் தலையசைத்தார். எனக்கு வணக்கம் சொல்லக் கை எழுந்தது. எழுந்த கையை இறக்கவில்லை, வணக்கம் சொன்னேன். அது என்னுடையது, அவர் பில் போட்டதால் அதை நான் விட்டுவிட வேண்டியதில்லை.

பதிவாளர் ஆங்கிலத்தில் வரிவரியாகப் போனார். பல வரிகளில் எனக்கு எதிராகத்தான் பேசினார். மனுவைத் திரும்பத் திரும்பத் திருத்தியதற்குக் காரணம் நானே என்றார். நான்தான் ஒவ்வொரு முறையும் இன்னொன்றைச் சேர்க்கச் சொல்லியிருந்தேன். அது உண்மை, தலையாட்டினேன். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் வீட்டின் ஒரு செங்கல் கழன்றது. செய்திகளுக்கு வந்தபோது நான் அச்சடித்து வந்த தாள்களைக் கேட்டார். கைகூப்பும் படத்தைக் காட்டி, இதைப் பரிசீலிக்க என்ன சட்ட அறிவு தேவைப்பட்டது என்று அங்கிளிடம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, பதிலை எழுதிக்கொள்ளப் பேனாவோடு காத்திருந்தார். அங்கிள், எங்கள் கணினி முறை தானாகவே பதிவு செய்யும் என்றார்.

தீபாவளி வரியில் பதிவாளர் என்னிடம் திரும்பினார். வழக்கைப் பற்றி அன்று பேசியது உண்டா, இல்லையா?

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அம்மா அப்படித்தான் சொல்லச் சொன்னார். வீடு அந்த ஒரு சொல்லில் தொங்குவதுபோல இருந்தது. அவர் ஒரு கேள்வி கேட்டார், நான் இல்லை அங்கிள் என்று பதில் சொன்னேன் என்றேன். அவ்வளவுதானா என்றார். அவ்வளவுதான், மற்ற நேரமெல்லாம் முறுக்கைப் பற்றியும் என் மகளைப் பற்றியும் பேசினோம், நாங்கள் உடனே கிளம்ப இருந்ததால் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கைப்பேசியில் படம் இருக்கிறது என்றேன். படம் வேண்டாம் என்றார். அங்கிளைப் பார்த்து, நீங்கள் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்றார்.

அங்கிள் எதிரில் இருந்த தாளைத் திருப்பி வைத்தார். சொல்ல ஒன்றுமில்லை என்றார்.

அந்த வரி முழுதாக அடிபட்டது. செய்திகளில் நன்றி, வணக்கம், மன்னிப்பு, படங்கள் எல்லாம் போயின. மீதியில் ஒரே விஷயத்துக்கு அனுப்பிய நான்கைந்தும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. ஒரே கூட்டத்துக்கு இரண்டு பேர் வந்ததாகப் போட்டிருந்த இடங்களிலும் வெட்டு விழுந்தது. மனு எழுதிய கட்டணம் நின்றது. எல்லாம் சேர்த்து, அவர் கேட்டதில் பாதிக்கும் குறைவாக வந்தது. விசாரணைச் செலவு என் தலையில் விழவில்லை. அந்தத் தொகையை நான் கட்டினேன், கட்டிய பிறகும் என் முன்னாள் கணவரின் பங்குக்கு ஒதுக்கியதில் கொஞ்சம்தான் குறைந்தது. மீதி நகையையும் விற்று, குறித்த காலத்துக்குள் அதைச் சரிக்கட்டினேன்.

வெளியே தாழ்வாரத்தில் அங்கிள் என் அருகில் நின்றார். அம்மாவைக் கேட்டதாகச் சொல் என்றார். சொல்கிறேன் என்றேன். அவருக்கு வருத்தமா, அவமானமா, இரண்டும் இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பழைய அரிப்பு வந்தது, அதை நான் சொறியவில்லை.

வீடு இப்போது என் பெயரில் இருக்கிறது. மீன் படங்கள் சுவரில் இருக்கின்றன. மகள் ஒரு திமிங்கிலத்தையும் சேர்த்திருக்கிறாள். வகுப்பில் நாங்கள் கடை விளையாட்டு விளையாடும்போது, பிள்ளைகள் பொம்மைக் காய்கறியைக் கையில் எடுத்ததும் நன்றி என்று ஓடிவிடுவார்கள். இப்போது அவர்களை நிறுத்தி, முதலில் விலை எவ்வளவு என்று கேட்கச் சொல்கிறேன். பிறகுதான் நன்றி. ஒரு பெற்றோர், என் பிள்ளை பாட்டி கொடுத்த பிஸ்கட்டுக்கும் விலை கேட்கிறான் என்று வந்து சொன்னார். பாட்டியிடம் மட்டும் கேட்கவேண்டாம் என்று அவனிடம் சொல்லிவைத்தேன். சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னேனா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

இந்தத் தீபாவளிக்கு அம்மா முறுக்கு சுட்டார். டப்பாக்களை வரிசையாக அடுக்கி, எந்த வீட்டுக்கு எது என்று சொல்லிக்கொண்டே மூடினார். கடைசியில் ஒரு டப்பா மிஞ்சியது. அம்மா அதை மூடாமல் என்னைப் பார்த்தார்.

“வருஷா வருஷம் குடுக்கற இடம்,” என்றார். “இந்த வாட்டி உப்பு கூடத்தான் போட்டிருக்கேன்.”

நான் மூடியை எடுத்து அழுத்தி மூடிக் கொடுத்தேன்.

“குடுக்கணும்னா நீங்களே போய்க் குடுங்கம்மா. வாசல்லயே குடுத்துட்டு வந்துடுங்க. உக்காரச் சொன்னா உக்காராதீங்க.”